மிரட்டலா, மருட்டலா, பணியவைத்தலா: ‘ஓவர்ஆ’வுக்கு எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் ‘ஓவர்ஆ’ (overawe) என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஒருவர் தன் பலத்தாலோ பெருமையாலோ வெறும் தோற்றத்தாலோ எதிரில் இருப்பவரை மலைக்க வைத்து, அந்த மலைப்பிலேயே அவரை அடங்கிப்போகச் செய்வதற்கு அந்தப் பெயர். அன்றாட ஆங்கிலப் பேச்சில் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ரொம்ப காலமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் செய்தி எழுதுபவர்களும் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்களும் என்றைக்காவது ஒருநாள் இதை எதிர்கொண்டே ஆகவேண்டும். அப்போது கைக்கு முதலில் வருவது ‘மிரட்டு’. அது போதுமா என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தில் இது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-ஆம் ஆண்டு 121-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்வதோடு, குற்றத்தன்மை கொண்ட பலத்தைப் பயன்படுத்தியோ அப்படிப்பட்ட பலத்தைக் காட்டியோ அரசை ‘ஓவர்ஆ’ செய்யச் சதி செய்வதும் அந்தப் பிரிவின்படி குற்றம். ஆயுள் தண்டனை வரை போகலாம். சதி செய்தாலே போதும், அதன்படி எதுவும் நடந்திருக்கத் தேவையில்லை என்று சட்டமே விளக்கமும் தருகிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 148-ஆவது பிரிவு. குடியரசுத் தலைவரையோ ஆளுநரையோ அவர்களின் சட்டபூர்வ அதிகாரத்தை ஏதோ ஒரு விதத்தில் பயன்படுத்தவோ பயன்படுத்தாமல் இருக்கவோ வைக்கும் நோக்கத்தோடு தாக்குவதைப் பற்றிய 151-ஆவது பிரிவிலும் இதே சொல் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடுவது எப்போது சட்டவிரோதக் கூட்டம் ஆகும் என்று சொல்லும் 189-ஆவது பிரிவிலும் உண்டு. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவில் பயங்கரவாதச் செயலை வரையறுக்கும் 15-ஆவது பிரிவிலும் பொது ஊழியரை இப்படிச் செய்வது இடம்பெற்றிருக்கிறது.

ஆக, ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் சிறையில் வைக்கக்கூடிய சொல் இது. அவர் மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று அவருடைய அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தெரிந்துகொள்வது பெரும்பாலும் தமிழ்ச் செய்தியின் வழியாகத்தான். அந்த இடத்தில் எடை குறைந்த சொல்லைப் போட்டால், குற்றத்தின் எல்லைக்கோடே வாசகரின் மனதில் கீழே இறங்கிவிடும். “அரசை மிரட்டினார்” என்று படித்தவர், கோபமாக நாலு வார்த்தை பேசியதற்கே இந்தப் பிரிவு பாயும் போல என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைப்பது தவறு, ஆபத்தும்கூட.

ஏன் தவறு என்பதற்குப் பாட்னா உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம். 1951-ஆம் ஆண்டு சட்ட இதழில் வெளியான தீர்ப்பு அது. இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேடும்போது பலரும் அங்கேதான் போகிறார்கள். அதன் சாரம் இதுதான்: பதற்றத்தை உண்டாக்குவதை விட, ஒருவேளை அச்சத்தை உண்டாக்குவதை விடவும்கூட, அதிகமான ஒன்றை இந்தச் சொல் குறிக்கிறது. அந்தப் பலத்துக்குப் பணிந்துபோவதா, இல்லை தங்களையோ பொதுமக்களையோ மிகக் கடுமையான ஆபத்துக்கு உள்ளாக்குவதா என்று அரசில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டிய நிலையை உருவாக்குவதுதான் அது. அந்த ஆபத்து உயிருக்கு வருவதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, பொதுச் சொத்துக்கு வருவதாகவும் இருக்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது.

இதைப் படித்த பிறகு சொல் தேடும் வேலை கொஞ்சம் எளிதாகிறது. பயம் இருக்கவேண்டும். அந்தப் பயம் எதிராளியின் பெரிய பலத்தைப் பார்த்து வரவேண்டும். கடைசியில் பணியவேண்டிய கட்டாயமும் வரவேண்டும். நம்மிடம் இருக்கும் சொற்களை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

‘மிரட்டு’ நல்ல சொல்தான். எல்லோருக்கும் தெரியும், வினையாகவும் பெயராகவும் சுலபமாக வளையும். ஆனால் சட்டத் தமிழில் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் 503, 506 பிரிவுகளுக்கு, அதாவது இன்றைய 351-க்கு, ‘குற்றமுறு மிரட்டல்’ என்றே பெயர். ‘கொலை மிரட்டல்’ என்று காவல் நிலையத்தில் பதிவாகும் புகார்களெல்லாம் அந்த வகை. “உன்னை உயிரோடு விடமாட்டேன்” என்று தனி ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது அது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு வேறு குற்றங்களுக்கு ஒரே சொல் நின்றால், அரசுக்கு எதிரான சதியும் வாய்க்கால் தகராறும் ஒரே கணக்கில் விழும். இன்னொரு குறையும் உண்டு. மிரட்டுபவர் பெரியவராக இருக்கவேண்டும் என்பதில்லை. கத்தி வைத்திருக்கும் சின்னப் பையன் வழிப்போக்கரை மிரட்டலாம். நாம் தேடும் சொல்லுக்குள் பலத்தின் பெருமை இருந்தாகவேண்டும். அதனால் சட்ட ஆவணத்தில் ‘மிரட்டு’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ‘அச்சுறுத்து’. இதைத்தான் பலரும் தேர்ந்தெடுப்பார்கள். கொஞ்சம் மரியாதையான, எழுத்துத் தமிழ்ச் சொல். ஒரு அரசோ அமைப்போ செய்யும் காரியத்துக்கும் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், இது பயத்தோடு நின்றுவிடுகிறது. பயந்தவர் பணிந்தாரா, நிமிர்ந்து நின்றாரா என்று இந்தச் சொல் சொல்லாது. பாட்னா தீர்ப்பு கோடு கிழித்தது சரியாக அந்த இடத்தில்தானே. மேலும் இன்று ‘அச்சுறுத்தல்’ எதற்கெல்லாமோ வருகிறது. சுற்றுச்சூழலுக்கு அச்சுறுத்தல், உடல்நலத்துக்கு அச்சுறுத்தல், பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று அது வெறும் ‘ஆபத்து’ என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. தனியாக நிற்கும் பலம் அதற்கு இப்போது இல்லை. துணைக்கு இன்னொரு வினை சேர்ந்தால் நிற்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூலச் சொல்லில் வியப்பும் இருக்கிறதே என்று பார்த்து ‘பிரமிக்க வை’, ‘அசத்து’, ‘மலைக்கச் செய்’ என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஓவர்ஆ’வுக்குள் இருக்கும் ‘ஆ’ (awe) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைய அகராதியில் பெருவியப்பு என்றுதான் முதலில் இருக்கும், அதனால் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தச் சொல்லின் வேர் வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் இருக்கிறது, அங்கே அதற்குப் பொருள் அச்சம். ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு மெல்ல மெல்ல பக்தியும் வியப்பும் கலந்த அச்சமாக அது மாறியது. 16-ஆம் நூற்றாண்டில் உருவான இந்த வினையோ அச்சத்தின் பக்கமே தங்கிவிட்டது. ‘பிரமிக்க வை’ என்று தமிழில் எழுதினால் அது பாராட்டாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் பிரமிக்கிறார். 1010-இல் கட்டிமுடித்த, 200 அடியைத் தாண்டிய அந்தக் கல்மலை அவரை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. “அரசைப் பிரமிக்க வைக்கச் சதி” என்ற தொடரில் குற்றம் எங்கே இருக்கிறது என்று வாசகர் தேடவேண்டியிருக்கும்.

‘சிம்ம சொப்பனம்’ என்ற வழக்கு இந்த இடத்துக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கி வருகிறது. கனவில் சிங்கத்தைக் கண்ட யானை நடுங்கிப்போகிறது. சிங்கம் எதுவும் செய்யவில்லை, பக்கத்தில்கூட இல்லை. பயம் முழுவதும் அதன் பெருமையிலிருந்தே வருகிறது. விளையாட்டுச் செய்திக்கும் அரசியல் கட்டுரைக்கும் கச்சிதமான தொடர். ஆனால் இது பெயர்ச்சொல், அதுவும் புகழ்ச்சியாக நிற்கும் பெயர்ச்சொல். சட்டப் பிரிவுக்குள் கொண்டுபோக முடியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன்: ‘மருட்டு’.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் எதிலிருந்து வரும் என்று நான்கைச் சொல்கிறது: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). கள்வருக்குப் பக்கத்திலேயே அரசனையும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கள்வனைக் கண்டால் பயப்படுவது அவன் கையில் இருப்பதைப் பார்த்து. இறையைக் கண்டால் பயப்படுவது அவன் யார் என்பதைப் பார்த்து. இரண்டும் அச்சம்தான், ஆனால் வரும் வழி வேறு. அதே இயலில் வியப்புக்கு ‘மருட்கை’ என்று பெயர். அது “புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு” வரும் என்கிறது நூற்பா. பெருமையைக் கண்டு வருவது மருட்கை, இறையைக் கண்டு வருவது அச்சம். ஆங்கிலச் சொல் நிற்பது இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான்.

மருட்கையின் வேரான ‘மருள்’ இன்றைக்கும் இந்த இரண்டு பக்கத்தையும் விடவில்லை. மருளும் மான் பயந்த மான். மருண்டு நிற்பவன் பயந்தவனாகவும் இருக்கலாம், திகைத்தவனாகவும் இருக்கலாம். ‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழி அந்தத் திகைப்பும் பயமும் ஒன்றாய்ச் சேர்ந்த நிலையைத்தான் சொல்கிறது. ‘மருட்டு’ என்றால் மயக்குவது, அச்சுறுத்துவது என்று இரண்டு பொருளும் அகராதியில் உண்டு. வியப்பையும் அச்சத்தையும் ஒரே மூச்சில் சொல்ல இதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இல்லை.

அப்படியென்றால் அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இலக்கியம் மொழிபெயர்க்கிறவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு மன்னன் தூதுவரை எதிர்கொள்ளும் காட்சியிலோ மடாதிபதியின் முன் ஊர் கைகட்டி நிற்கும் காட்சியிலோ “அந்த மண்டபமே அவர்களை மருட்டியது” என்று எழுதினால் அழகாக இருக்கும், சரியாகவும் இருக்கும். சட்டத்துக்கும் செய்திக்கும் மட்டும் தயக்கம். தமிழ்நாட்டுச் செய்தி வாசகர் இந்தச் சொல்லை அதிகம் பார்ப்பதில்லை. பார்த்தாலும் ‘மருட்டும் விழி’ என்ற காதல் பொருளில்தான் பார்த்திருப்பார். மலேசியத் தமிழ்ச் செய்திகளிலோ ‘மருட்டல்’ நேராக மிரட்டல் என்ற பொருளில் புழங்குகிறது. ஒரே சொல் ஓர் ஊரில் மயக்கமாகவும் இன்னோர் ஊரில் வெடிகுண்டுப் புரளியாகவும் படிக்கப்படுமானால், குற்றப் பத்திரிகையில் அதை வைப்பது சரியில்லை. இலங்கைத் தமிழில் இயல்பாக வரும் ‘வெருட்டு’க்கும் ஏறக்குறைய இதே நிலைதான். வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்த பழைய வேர் அது. யாழ்ப்பாண வாசகருக்காக எழுதினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலும் பெருமையின் சாயல் குறைவு, குழந்தையை வெருட்டுவதும் வெருட்டுவதுதான்.

கடைசியாக ‘பணியவை’. தனியாகப் பார்த்தால் இதில் வியப்பும் இல்லை, அச்சமும் இல்லை. பணம் கொடுத்தும் ஒருவரைப் பணியவைக்கலாம், கெஞ்சியும் பணியவைக்கலாம். ஆனால் மற்ற எந்தச் சொல்லிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு என்ன ஆயிற்று என்பதை இது சொல்லிவிடுகிறது. மிரட்டு, அச்சுறுத்து, வெருட்டு எல்லாம் செய்பவரைப் பற்றிப் பேசுகின்றன. சட்டம் அக்கறைப்படுவதோ பலத்துக்கு முன்னால் நிற்கும் அரசுக்கு வேறு வழி இருந்ததா இல்லையா என்பதில். அதனால் சட்டச் சூழலில் என் தேர்வு ‘பணியவை’. எப்படி, எதைக் காட்டி என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளவேண்டும். ‘பலத்தைக் காட்டி அச்சுறுத்திப் பணியவைத்தல்’ என்று முழுமையாக எழுதலாம். நீளம்தான், ஆனால் தண்டனைச் சட்டத்தில் நீளம் குறையில்லை, தெளிவின்மைதான் குறை. பிரிவிலேயே ‘பலத்தைப் பயன்படுத்தியோ காட்டியோ’ என்று இருப்பதால், அந்தப் பாகம் மொழிபெயர்ப்பில் ஒருபோதும் விடுபடக்கூடாது. பெரிய கூட்டம் கூடியது, கோஷம் போட்டது, அமைச்சருக்கு வியர்த்தது என்பதெல்லாம் மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது. குற்றத்தன்மை கொண்ட பலமோ அதன் காட்சியோ இருந்தே ஆகவேண்டும். ஜனநாயகத்தில் ஊர்வலம் போகிறவருக்கும் சதி செய்கிறவருக்கும் நடுவில் நிற்கும் சுவரே அந்த நாலு வார்த்தைதான்.

சட்டத்துக்கு வெளியே, வரலாற்று எழுத்திலும் இதே தொடர் நன்றாகப் பொருந்துகிறது. 1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு ஜப்பானின் உராகா துறைக்கு வந்து நின்றார். அவற்றில் இரண்டு நீராவிக் கப்பல்கள். புகை கக்கிக்கொண்டு வந்த அந்தக் கறுப்புக் கப்பல்களை ஜப்பானியர் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய அணியோடு திரும்பி வந்தார். 1854 மார்ச் 31 அன்று கனகாவா ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஷிமோதா, ஹக்கோதாத்தே என்ற இரண்டு துறைமுகங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்தன. போர் நடக்கவில்லை. இங்கே ‘மிரட்டினார்’ என்று மட்டும் எழுதினால் கப்பல்களின் பிரம்மாண்டம் காணாமல் போகிறது, ‘பிரமிக்க வைத்தார்’ என்றால் ஒப்பந்தத்தில் இருந்த கட்டாயம் காணாமல் போகிறது. “கடற்படை வலிமையைக் காட்டியே பணியவைத்தார்” என்றால் இரண்டும் நிற்கிறது. அந்த ‘ஏ’காரம் முக்கியம், பயன்படுத்தாமல் காட்டியதோடு சரி என்ற பொருளை அதுதான் தருகிறது.

காட்டுவதே போதும் என்பதை வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். “அடல்தகையும் ஆற்றலும் இல்லெனினும் தானை படைத்தகையால் பாடு பெறும்” என்பது படைமாட்சி அதிகாரத்தில் வரும் 768-ஆவது குறள். தாக்கும் திறனும் தாங்கும் ஆற்றலும் இல்லாவிட்டாலும், அணிவகுத்து நிற்கும் தோற்றத்தாலேயே படைக்குப் பெருமை கிடைத்துவிடும் என்கிறார். குடியரசு நாள் அணிவகுப்பில் ஏவுகணைகள் ஊர்ந்து போவதன் பின்னால் இருக்கும் எண்ணமும் இதுதான்.

முயற்சி பலிக்காமல் போனால் எந்தச் சொல்? இதற்குப் புறநானூற்று 95-ஆவது பாட்டை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். வரிசை வரிசையாக ஆயுதங்கள். ஔவை பார்க்கிறார். இவையெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். காட்டியவனே கூனிப்போகும் பதில். இந்த மாதிரி இடத்தில் ‘பணியவைத்தான்’ என்று எழுத முடியாது, ‘பணியவைக்கப் பார்த்தான்’ என்று எழுதவேண்டும். ‘மருட்டப் பார்த்தான்’ என்றால் இன்னும் அழகு. பேச்சில் ‘படம் காட்டினான்’ என்போம், பந்தா பலிக்கவில்லை என்ற அர்த்தமும் அதிலேயே இருக்கிறது. இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. பல இடங்களில் முயற்சியும் சதியுமே குற்றம் என்பதால், நடந்து முடிந்தது போன்ற வினைமுற்றைப் போட்டுவிடக்கூடாது.

அப்புறம் ஆங்கிலத்தில் இந்தச் சொல் இன்று அதிகம் வருவது செயப்பாட்டிலும் எதிர்மறையிலும்தான். எதிராளியின் பெயரைப் பார்த்து ‘ஓவர்ஆ’ ஆகவில்லை என்று விளையாட்டுச் செய்தியில் எழுதுவார்கள். இதற்கு மேலே சொன்ன எந்தத் தொடரும் வேண்டாம். நம்மிடம் ‘அசராமல்’ இருக்கிறது. 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா ஓர் இணையவழிப் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்ததைப் பற்றி எழுதும்போது “எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து அசராமல் ஆடினார்” என்றாலே முழுப் பொருளும் வந்துவிடும். ‘மலைத்துப்போகாமல்’, ‘மிரளாமல்’ ஆகியவையும் சரி. ‘மிரட்டு’ வேண்டாம் என்று சட்டத்துக்குச் சொன்ன நானே இங்கே ‘மிரளாமல்’ என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் மிரள்வது ‘மருள்’வதன் உறவு. மாடு மிரள்வதற்கு யாரும் அதை மிரட்டியிருக்கத் தேவையில்லை.

செய்தித்தாளில் வேலை செய்கிறவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தலைப்பில் இடம் கிடையாது, நீளமான தொடரை என்ன செய்வது? “பலம் காட்டி அரசைப் பணியவைக்கச் சதி: குற்றச்சாட்டு” என்று எழுதலாம். “அரசை மிரட்டச் சதி” என்பதை விட இரண்டு மூன்று சொல்தான் கூடுதல். செய்தியின் உள்ளே, பிரிவின் எண்ணைக் குறிப்பிடும் முதல் இடத்திலேயே, இது சாதாரண மிரட்டல் வழக்கு இல்லை என்றும், அரசுக்கு வேறு வழியே இல்லாத நிலையை வன்பலத்தால் உருவாக்கத் திட்டமிட்டதாகச் சொல்லும் வழக்கு என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரியைப் படித்த வாசகர், வழக்கில் சொல்லப்படும் சம்பவங்களை அந்த அளவுகோலில் வைத்துத் தானே பார்த்துக்கொள்வார்.